எட்டுமணியும் பச்சை அட்டைகளும்

எங்கள் பிளாக்கில் காலை எட்டு மணி ஆனதைத் தெரிந்துகொள்ள யாரும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. கீழே இரும்புக் கேட்டின் கொண்டி விழும். வாளி தரையில் இறங்கும். பிறகு, "யாருய்யா படியில துப்பினது? நல்லா இருப்பீங்களா நீங்கல்லாம்?" என்று ஒரு குரல் நாலு மாடிக்கும் கேட்கும். மணி எட்டு.

படி கூட்டித் துடைக்கிற அந்தப் பெண்ணுக்கு எட்டுமணி என்று பெயர் வைத்தவன் நான்தான். முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஏறுகிற இறங்குகிற ஆளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துப் பழகிவிட்டது, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பதிலுக்கு அவள் எனக்கு விசில் அண்ணன் என்று வைத்தாள். அதுவும் நிலைத்துவிட்டது. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, எனக்கு எழுபத்திரண்டு. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொறுங்கள்.

இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டரின் மனைவியாகத்தான் அவள் முதலில் இங்கே வந்தாள். வேலை முடிந்ததும் பெயிண்டர் அடுத்த கட்டடத்துக்குப் போனான், அங்கேயே அடுத்த பெண்ணையும் பார்த்துக்கொண்டான். இவள் மூன்று வயது மகளோடு காய்ந்த பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்றாள். அன்றைக்கு இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாவம் பார்த்துத் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். இருபத்தேழு வருஷம் அதைக் கீழே வைக்கவில்லை. எண்பது படி, நாலு மாடி, இருபது வீடு. மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்ததும் அந்த எண்பது படியில்தான்.

ஒரு வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவள் ஆளைப் பார்க்கமாட்டாள், குப்பையைப் பார்ப்பாள். "முதல்ல எல்லா வீட்லயும் பால் பவுடர் டப்பாவா வந்துச்சுண்ணே. அப்புறம் பென்சில் சீவுன தூளு, கிழிச்சுப் போட்ட பரீட்சைப் பேப்பர். இப்பப் பாருங்க, இருபது வீட்டுக்கும் ஒரே குப்பை. காலி மாத்திரை உறை." உண்மைதான். எல்லாரும் பெற்றோம், வளர்த்தோம், பிள்ளைகள் இறக்கை முளைத்துப் போய்விட்டார்கள். இருபது வீட்டில் பதினேழில் கிழங்கள். அதில் பதினொன்று தனிக் கிழங்கள். நானும் அந்தப் பதினொன்றில் ஒருவன்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். முதியோர் இல்லம். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் தம்பிக்காரன் அம்மாவைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டான். பதினாலாவது நாள் பிணமாகத்தான் வெளியே வந்தாள். "அம்மா பேரைச் சொல்லிக் கேக்குறேன், யாருக்கும் தெரியலண்ணே. ஒம்பதாம் நம்பர் கட்டிலான்னு கேக்குறாங்க" என்று ஒருநாள் என் வாசலில் வாளியைப் பிடித்தபடி சொன்னாள். சொல்லிவிட்டு உடனே படியைத் துடைக்கப் போய்விட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆய்வு வந்தது. பல்கலைக்கழகம் ஒரு கை, நகராட்சி ஒரு கை, குடியிருக்கிற நாங்கள் ஒரு கை, எல்லாரும் சேர்ந்து செய்கிற கூட்டாய்வு. ஊரில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்கள் கடைசி வரை சொந்த வீட்டிலேயே இருக்கும்படி கட்டடத்தையும் தெருவையும் எப்படி மாற்றுவது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நல்ல விஷயந்தான், நான் குறை சொல்லமாட்டேன். கீழே பொது அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எங்கள் தெருவின் படத்தைச் சுவர் முழுக்க ஒட்டி, கையில் வண்ணக் காகிதத்தைக் கொடுத்து, "உங்களுக்கு எங்க மூச்சு வாங்குதோ அங்க ஒட்டுங்க" என்றார் பேராசிரியர். எங்கே ஒட்டவில்லை? படம் முழுக்க மறைந்துபோயிற்று. ஆனாலும் ஆறு மாதத்தில் தெருவில் நாலு பெஞ்சு வந்தது. மருந்துக்கடை வாசற்படியை இடித்துச் சரிவாக்கினார்கள். எங்கள் வாழ்நாளில் ஒரு மனுவுக்கும் இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை.

அடுத்தது லிஃப்ட். ஐந்து பிளாக்கில் முதலில் ஒன்றுக்குத்தான் என்றார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு. எங்கள் நாலாவது மாடியில் டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தூரத்தில் ஒரு அண்ணன் மகன். இரண்டு முட்டியும் போய், பதினோரு மாதமாக அவர் மண்ணை மிதிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பேராசிரியரிடம், "லிஃப்ட் வந்துச்சுன்னா நேரா அந்தப் புது பெஞ்சுல போய் உக்காருவேன். பத்து நிமிஷம் போதும். ஆனா என்னை இந்த வீட்டை விட்டு மட்டும் எங்கயும் அனுப்பிடாதீங்க" என்றார். எங்கள் எல்லாருக்கும் ஆசை அதுதான், டீச்சர் வாய்விட்டுச் சொன்னார்.

அட்டை யோசனை என்னுடையது. தனியாக இருக்கிறவர்கள் விழுந்து கிடந்தால் எப்படித் தெரியும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். இந்த விசில் அண்ணனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒவ்வொரு கதவுலயும் ஒரு அட்டை மாட்டுங்க. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. காலைல எழுந்ததும் பச்சைக்குத் திருப்பணும். திருப்பலைன்னா ஆளுக்கு ஏதோ ஆச்சு" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். இதை ஆய்வுக் கட்டுரையில் எழுதப்போவதாகப் பேராசிரியர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கனமான பிளாஸ்டிக் அட்டை, ஆணியில் தொங்கும். திருப்பினால் மரக்கதவில் டக்கென்று இடிக்கும். தினமும் காலை ஒன்பதரைக்கு ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி வருவாள். மாடி மாடியாக ஏறி, பச்சையா சிவப்பா என்று குறித்துக்கொள்வாள். சிவப்பாக இருந்தால் கதவைத் தட்டி ஆளைப் பார்ப்பாள். பச்சையாக இருந்தால் தட்டமாட்டாள். போகும்போது எல்லா அட்டையையும் மறுநாளுக்காகச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போவாள்.

முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் மாதம் முதல் மாடி டெய்லர் மூன்று நாள் திருப்ப மறந்தார். மனுஷன் நன்றாகத்தான் இருந்தார், மறதி, அவ்வளவுதான். மூன்று முறை சிவப்பு வந்தால் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததாம். யார் அதைப் படித்தோம்? மகனுக்குத் தகவல் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் வந்து டெய்லரையும் ஒரு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் போனான். தையல் மெஷின் மட்டும் வீட்டுக்குள் நின்றது. "நாங்க அனுப்பச் சொல்லவே இல்ல சார், ஒரு தடவை வந்து பாருங்கன்னுதான் சொன்னோம்" என்று ஆய்வுக்காரப் பெண் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். அவள் சொன்னது சத்தியம். ஆனால் எங்கள் பிளாக்குக்கு அன்றிலிருந்து சிவப்பு என்றாலே இல்லம்தான்.

அந்த வாரம் எனக்கு இரண்டு நாள் தலைசுற்றல். ஒரு நாள் அட்டையை மறந்தேன். மறுநாள் எட்டு மணிக்குப் படியில் நின்று அவளைப் பிடித்தேன்.

"எட்டுமணி, என் அட்டை சிவப்பா இருந்தா போற போக்குல திருப்பி விட்டுடு."

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். "நீங்க உள்ள நல்லா இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"சத்தம் கேக்கும்ல. குழாய் ஓடும், நான் இருமுவேன். உயிரோட இருக்குறவன் சும்மாவா கிடப்பான்?"

"தப்பாயிடப் போகுதுண்ணே."

"ஒம்பதாம் நம்பர் கட்டில் காலியாத்தான் இருக்கும். என்னை அங்க அனுப்பிடு போ."

அப்படிச் சொன்னேன். எங்கே தட்டினால் அவளுக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் அட்டையைப் பச்சைக்குத் திருப்பினாள்.

ஒருவருக்குச் செய்தால் ஊருக்கே தெரியும். ஒரு மாதத்தில் பன்னிரண்டு கதவு அவள் கைக்கு வந்துவிட்டது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதவிலும் காதை வைப்பாள். இரண்டாம் மாடியில் குக்கர் சத்தம், மூன்றாம் மாடியில் என் இருமல். சத்தம் கேட்டால்தான் கை அட்டைக்குப் போகும். கேட்காவிட்டால் தட்டி, "உள்ள யாரு, இருக்கீங்களா?" என்பாள். டீச்சருக்குக் காலையில் முட்டி மடங்காது, கதவு வரை வருவதற்குள் ஒன்பதரை தாண்டிவிடும். அவரே ஒருநாள் இவளைக் கூப்பிட்டு, "நீயே திருப்பிடும்மா. ஆறு மணிக்குக் கட்டில் பக்கத்து ரேடியோவைப் போட்டுடுவேன். ரேடியோ ஓடுச்சுன்னா நான் இருக்கேன்னு அர்த்தம்" என்றாராம்.

அந்த வருஷக் கூட்டத்தில் பேராசிரியர் பெரிய திரையில் ஐந்து பிளாக்கின் கணக்கையும் காட்டினார். மற்ற பிளாக்கிலெல்லாம் சிவப்பு புள்ளி புள்ளியாக இருந்தது. எங்களுடையது சுத்தப் பச்சை. "ஆச்சரியமா இருக்கு, இந்த வயசுலயும் எல்லாரும் சுயமா இயங்குறீங்க" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை தட்டினோம். எட்டுமணி கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.

டீச்சர் வழக்கம்போல ரேடியோவைப் போட்டிருக்கிறார். குளியலறைக்குப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. எட்டு மணிக்குக் கேட் சத்தம், வாளி, வசவு எல்லாம் ஆயிற்று. நாலாவது மாடியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் அட்டையைப் பச்சைக்குத் திருப்பினாள். ஒன்பதரைக்கு ஆய்வுக்காரப் பெண் வந்து பச்சை என்று குறித்துக்கொண்டு சிவப்புக்குத் திருப்பினாள்.

புதன்கிழமையும் ரேடியோ ஓடியது. அன்றைக்கு டீச்சர் குப்பை வைக்கிற நாள். முந்தின ராத்திரியே கதவோரம் வைக்கிற பை இல்லை. "ஒத்த ஆளு, என்ன பெருசாக் குப்பை சேந்துடப் போகுது, நாளைக்கு வப்பாங்கன்னு நெனச்சேண்ணே" என்று அவள் பிறகு என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். திருப்பிவிட்டு இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமையும் பை இல்லை. அப்போதுதான் தட்டினாள். ரேடியோவில் யாரோ ஒருவர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி தட்டினாள். அவள் போட்ட கூச்சலில் நான் செருப்புப் போடாமல் ஒரு மாடி ஏறினேன். செயலாளர் வீட்டிலிருந்து மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து திறந்தோம்.

டீச்சர் குளியலறையில் இல்லை. அங்கிருந்து கூடம் வரை தரையில் இழுத்துக்கொண்டே வந்திருந்தார். கை கதவை நோக்கி நீண்டிருந்தது. கைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும். உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. பார்த்த டாக்டர், "நேத்து சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்" என்றார். எட்டுமணி சுவரில் சாய்ந்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த டக்குனு சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்கும்ல?" என்று கேட்டாள்.

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். செவ்வாய் இரண்டு முறை, புதன் இரண்டு முறை. நாலு தடவை கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கை வந்துவிட்டுப் போயிருக்கிறது. டீச்சர் கூப்பிட்டிருப்பார். ரேடியோ அதை அமுக்கியிருக்கும்.

நாலு நாள் கழித்துப் பொது அறையில் கூட்டம் போட்டார்கள். பேராசிரியர், நகராட்சி அதிகாரி, நாங்கள் முப்பது பேர். பேராசிரியர் முகம் வெளிறியிருந்தது. இரண்டு நாளும் பச்சை என்று கணக்கில் இருக்கிறது, விழுந்து கிடந்தவர் எப்படி அட்டையைத் திருப்பினார் என்று கேட்டார். பிறகு ஆய்வுக்காரப் பெண்ணைப் பார்த்துத் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லும்மா. நாலாவது மாடி வரைக்கும் ஏறினியா, இல்ல கீழயே உக்காந்து எழுதிட்டியா?"

"ஏறினேன் சார். சத்தியமா ஏறினேன். பச்சையாத்தான் இருந்துச்சு" என்று அவள் தேம்பினாள். இருபத்தைந்து வயசு இருக்கும். வேலையும் போய், பெயரும் கெட்டுப்போகிற இடத்தில் நின்றாள்.

அந்தப் பன்னிரண்டில் டீச்சர் போக மிச்சம் பதினோரு வீட்டுக்காரர்களும் அறையில் இருந்தோம். எல்லாருக்கும் விஷயம் தெரியும். எல்லாரும் தரையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் அந்தத் தரை ஞாபகம் இருக்கிறது, என் நாற்காலிக்குக் கீழே ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது.

"அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. நான்தான் திருப்பினேன்."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். அவளுக்கு நாற்காலி போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"நீயா? உன்னை யாரு திருப்பச் சொன்னா?" என்றார் அதிகாரி.

"யாரும் சொல்லல."

"மத்த வீட்டு அட்டையும் திருப்பினியா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். என் பக்கம் பார்த்துவிடுவாளோ என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அவள் பார்க்கவில்லை.

"டீச்சர் வீடு மட்டும்தான்யா. அவங்களுக்கு முட்டி வலின்னு நானாத்தான் செஞ்சேன்."

ஓடுகிற பஸ்ஸை ஒரே சத்தத்தில் நிறுத்தின ஆள் நான். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து ஒரு காற்றுகூட வரவில்லை. எழுந்து நின்று, "முதலில் கேட்டவன் நான்தான்" என்று சொல்ல இரண்டு நொடி ஆகியிருக்கும். சொன்னால் எல்லா அட்டையும் பொய் என்றாகும், என் மகளுக்குத் தகவல் போகும், அவள் பெட்டி கட்ட வந்துவிடுவாள். வாய்க்கு வந்ததை மென்று விழுங்கினேன். கோழை என்று திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துடைப்பத்தைப் படிக்கட்டுக்குக் கீழே சாத்திவிட்டுப் போனாள். செயலாளர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வீட்டு அட்டையும் பன்னிரண்டில் ஒன்று.

இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் ஐந்தாம் பிளாக்குக்கு என்று முடிவானது. நடந்தது துயரமான விதிவிலக்கு, மற்றபடி எங்கள் பிளாக்கில் எல்லாரும் சுயமாக இயங்குகிறார்கள், கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்று கடிதம் வந்தது. கணக்கு அப்படித்தான் சொன்னது. நான் என் அட்டையைத் தினமும் நானே திருப்பிக்கொண்டு, எண்பது படியில் என் வீட்டுக்கான அறுபதைக் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கினேன். புதிதாக வந்த துப்புரவு ஆள் பத்து மணிக்கு வந்தான், ஒன்பது மணிக்கு வந்தான், சில நாள் வரவே இல்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது, காலையில் எழுந்து கதவு வரை போகத் தெம்பில்லை. சரி, அட்டை சிவப்பாக இருக்கும், ஒன்பதரைக்கு அந்தப் பெண் தட்டுவாள், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கலாம் என்று படுத்துக் கிடந்தேன். எட்டரை இருக்கும், கதவில் டக்கென்று ஒரு சத்தம். குரல் கொடுக்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. ஒன்பதரைக்கு இன்னொரு டக். அதுவும் போயிற்று. மத்தியானம் சுவரைப் பிடித்து எழுந்து நானே தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். "நான்தாங்க திருப்பி விட்டேன். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஏதோ ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை" என்று அன்பாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொல்லியிருப்பேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

உடம்பு தேறியதும் எட்டுமணியைத் தேடிப் போனேன். ஒரு பள்ளிக்கூட விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். பின்கட்டில் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"வாங்க விசில் அண்ணே. உடம்புக்கு என்ன, இப்படி இருக்கீங்க?"

"நான் போய்ப் பேராசிரியர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றேன். வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

"எதை?"

"நான்தான் உன்னைத் திருப்பச் சொன்னேன்னு. பன்னெண்டு வீடுன்னு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொல்லுங்க. டீச்சர் இருக்கும்போது சொல்லியிருந்தா லிஃப்ட்டாவது வந்திருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா சொன்னாள்.

பிறகு என் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். எட்டரைக்கு டக், ஒன்பதரைக்கு டக், மத்தியானம் வரை தண்ணீர் இல்லாமல் கிடந்தது, எதிர்வீட்டு அம்மாள் செய்த ஒத்தாசை எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவள் கை நின்றது. ஈரக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தட்டினாங்களாண்ணே?"

"இல்ல."

"காதையாவது வச்சுக் கேட்டாங்களா?"

"தெரியல."

அவள் குழாயை மூடினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு இங்க வேலை ஒம்பதரைக்குத்தான். நாளைக்கு எட்டு மணிக்கு வரேன். கேட்டைத் திறந்து வைங்க."

"உள்ள விடமாட்டாங்க எட்டுமணி. செயலாளர் வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்காரு."

"அப்ப நீங்க போய்த் தட்டுங்க" என்றாள்.

இன்றைக்குப் பதினோராவது நாள். நாலாவது மாடியில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறேன். காய்ச்சலுக்குப் பிறகு முட்டி பிடித்துக்கொள்கிறது, பதினாலு கதவைத் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. கதவைத் திறந்து, "என்னங்க, காலங்காத்தால தொந்தரவு?" என்று எரிந்து விழுகிறார்கள். இரண்டு பேர் செயலாளரிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு எழுதிய கடிதம் மேஜை மேல் இருக்கிறது, இன்னும் தபாலில் போடவில்லை.

டீச்சர் வீட்டுக் கதவில் அட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நேற்று நான் மேலே போனபோது யாரோ அதையும் பச்சைக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்.